மூன்றாவது பெயர் கிடையாது

அசையக் கூடாது. அசைந்தால் விழித்துக்கொள்ளும், விழித்தால் அழும், அழுதால் என் மகள் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவருவாள், வந்தால் என்ன பேரு என்று கேட்பாள், கேட்டால் சொல்லியாக வேண்டும். எனவே அசையக் கூடாது. சுவரில் முதுகைச் சாய்த்து, காலிரண்டையும் நீட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு காலுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில் என் பழைய வேட்டியை மடித்து விரித்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பேத்தியை அதில் கிடத்திவிட்டுப் போயிருக்கிறாள். தலை என் கணுக்கால்களுக்கு நடுவில், கால்கள் என் முழங்கால் பக்கம். எதிரெதிரே பார்த்துக்கொள்ளத் தோதான இருப்பு, ஆனால் பார்ப்பது நான் மட்டும்தான். போகிறபோது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யப்பா, ரெண்டே பேரு. கனகம், இல்லாட்டி வடிவு. நான் தலைக்கு ஊத்திட்டு வாரதுக்குள்ள ஒண்ணச் சொல்லிரணும். மூணாவதா ஒரு பேரு உங்க வாயிலருந்து வந்துச்சு, பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போயிருவேன்." நான் வாயைத் திறப்பதற்குள், "புரட்சி, சோவியத்து, செங்கொடி, எதுவும் கிடையாது" என்றாள். கோரிக்கை, கெடு, மீறினால் நடவடிக்கை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த நோட்டீஸ் மாதிரி இருந்தது.

எழுதியிருப்பேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, துண்டறிக்கை. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்த வயதில், சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தவன். முதலில் படிக்கத் தெரிந்த சொல் அம்மா என்பது அல்ல, தோழர்களே என்பது. அந்தப் படிப்பை வைத்துத்தான் அளத் தொழிலாளர் சங்கத்துக்கு இத்தனை காலம் எழுதினேன், பேசினேன், மேடையேறினேன், மேடையிலேயே பிள்ளைகளுக்குப் பெயரும் வைத்தேன். அதெல்லாம் இப்போதைய ஆட்களுக்குத் தெரியாது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் மேடைக்கு வரும், "தோழர், பேரு வைக்கணும்" என்று குழந்தையை நீட்டும். நான் மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை இன்னொரு கையில் வாங்கிக்கொண்டு, பெயரைச் சொல்வேன். கூட்டம் கை தட்டும். குழந்தை அலறும். தாயைத் திரும்பிப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பெயர் என்பது அறிவிப்பு, அதில் கலந்தாலோசனை எதற்கு? என் மகள் பிறந்த அன்று அளத்து வாசலில் உப்பு லாரியை மறித்துப் படுத்திருந்தோம். தகவல் வந்தது. படுத்த வாக்கிலேயே பெயர் வைத்தேன். மறியல்செல்வி. இன்றைக்கும் சொல்கிறேன், அதைவிட நல்ல பெயர் இந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவள் வந்தால் "மறியல் வருது, வழிய விடுங்கடே" என்று பையன்கள் சொல்வார்களாம். அழுதுகொண்டு வந்து சொன்னாள். வழி விடுகிறார்கள் அல்லவா, பிறகு எதற்கு அழுகை என்றேன். ஊர் முழுக்க அவளைச் செல்வி என்று கூப்பிடுகிறது, கட்டினவனும் செல்வி என்றுதான் கூப்பிடுகிறான், நான் ஒருவன்தான் மறியல் என்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அவளுக்கும் தெரியும். மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று நான் கேட்டதும் இல்லை. சில விஷயங்களைக் கேட்காமல் விட்டால்தான் நம் பக்கம் சாதகமாக இருக்கும்.

ஒரு ஈ. எங்கிருந்தோ வந்து பிள்ளையின் கன்னத்தை வட்டமிடுகிறது. கன்னத்தில் வைத்த மைப்பொட்டுக்குப் பக்கத்தில் இறங்கப் பார்க்கிறது. கையை மெதுவாக வீசுகிறேன், போகிறது, வருகிறது. கண்ணேறு படக்கூடாதென்று மை, காத்து கருப்பு அண்டக்கூடாதென்று மணிக்கட்டில் வசம்பு. எல்லாம் மூடநம்பிக்கை, இதைப் பற்றி நான் பேசிய பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார்கள், இன்று அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. ஆனால் அந்த வசம்பு வாசனையும் சாம்பிராணிப் புகையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து பிள்ளையிடமிருந்து எழுந்து என் மூக்குக்கு வருகிறபோது, தோழர்களே, எதிர்த்துப் பேச ஒன்றும் தோன்றவில்லை. நெஞ்சு நிறைகிறது. இவ்வளவு லேசான ஒன்று எப்படி இவ்வளவு கனக்கிறது? உச்சந்தலையில் இன்னும் எலும்பு மூடாத இடம் துடிக்கிறது. தோலுக்குக் கீழே ஒரு சின்ன மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல. அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. லத்தியைப் பார்த்துப் பயந்ததில்லை, பாளையங்கோட்டைச் சிறையில் கதவு சாத்துகிற சத்தத்துக்குப் பயந்ததில்லை, இந்தத் துடிப்பைப் பார்த்தால் மட்டும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். நின்றுவிட்டால்? நிற்காது. பார்க்காதே. பெயரை யோசி. தொண்டையில் இருமல் வேறு வந்து நிற்கிறது. வா, பார்க்கலாம். உன்னையும் உள்ளேயே வைத்துப் பூட்டுகிறேன்.

கனகம். நல்ல பெயர். பழைய பெயர். காதுக்கு உறுத்தாத பெயர். சொல்லிப் பார்க்கிறேன், சத்தமில்லாமல், உதட்டால் மட்டும். கனகம். உடனே பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, ஒழிக. இதுதான் சிக்கல். எங்கள் முதலாளி தன் தாயார் பெயரைத்தான் அளத்துக்கு வைத்திருந்தார். வாசலில் நீலப் பலகை, வெள்ளை எழுத்து, கனகம் அளம். அந்த வாசலில் நின்று எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேன், கனகம் அள நிர்வாகம், ஒழிக, கனகம் அள நிர்வாகம், ஒழிக. வாய் பழகிவிட்டது. முன்சொல் வந்தால் பின்சொல் தானாக வரும். ஒரு தடவை ஆறுமுகநேரியில் ஒரு தோழர் வீட்டில், "இவதான் எங்க வீட்டுக்காரி, கனகம்" என்று அறிமுகம் செய்தார், நான் கும்பிட்ட கையோடு ஒழி என்பதுவரை சொல்லிவிட்டு மிச்சத்தை இருமலாக மாற்றினேன். அந்த அம்மாள் பாவம், சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். பேத்தியைக் கூப்பிடுகிறபோதெல்லாம் இருமிக்கொண்டிருக்க முடியுமா? பிள்ளை தவழும், கனகம், ஒழிக. பிள்ளை பள்ளிக்கூடம் போகும், கனகம், ஒழிக. சரி, அந்தத் தாயார் என்ன பாவம் செய்தாள்? நான் அவளைப் பார்த்ததே இல்லை. அளத்து ஆபீஸ் சுவரில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன், பேச்சுவார்த்தைக்குப் போகிறபோது எனக்கு நேர் எதிரே தொங்குவாள். காதில் பாம்படம், வெயிலில் கறுத்த முகம், எங்கள் பெண்களில் ஒருத்தி போலவே இருப்பாள். அவளும் எப்போதோ உப்பு வாரியவளாக இருந்திருப்பாள், மகன்தான் முதலாளி ஆனான். அவள் பெயரை நான் வாயில் போட்டுக் குதப்பித் துப்பியிருக்கிறேன். அவளுக்காக வருத்தப்படவில்லை. வர்க்கம் மாறினவள் படத்துக்கு மாலை போடுகிறவனும் இருப்பான், காறித் துப்புகிறவனும் இருப்பான். ஆனால் அந்தப் பலகையை என் வீட்டு வாசலில் நானே மாட்டவா? முதலாளியின் பேரன்கள் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். பிச்சைக்கனி கடைசியில் நம்ம கொள்ளுப்பாட்டி பேரத்தான் வச்சானாம். கூடாது. கனகம் கூடாது.

இங்கே என் பெயரையும் சொல்லிவிடுகிறேன், பிச்சைக்கனி. எனக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை என்று, நான் பிறந்ததும் என்னை ஒரு படி தவிட்டுக்குப் பக்கத்து வீட்டில் விற்று, மறுபடி பிச்சையாக வாங்கிக்கொண்டாளாம் என் தாய். எமன் வந்து பார்த்தால், இது யாருக்கும் வேண்டாத பிச்சைப் பண்டம் என்று நினைத்துப் போய்விடுவானாம். எமனை ஏமாற்ற வைத்த பெயர். கட்சிக்கு வந்தபோது மேடையில் எனக்கு வேறு பெயர் வைக்கப் பார்த்தார்கள். கம்பீரமான பெயர்தான். வேண்டாம் என்றேன். பிச்சைக்கனி என்ற பெயரோடு முதலாளி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதில் இருக்கிற ருசி அந்தக் கம்பீரத்தில் இல்லை.

"மாமா." அடுப்படி வாசலில் பேச்சியம்மாள். என் மருமகனின் அக்காள். மத்தியானம் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்லப்போவது இவள்தான், அத்தை முறை. கையில் அகப்பை. "மாமா, உப்பு எங்க இருக்கு?" உஷ் என்று விரலை வாயில் வைத்துக் காலைக் காட்டினேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். ஆனால் அவள் தணித்த குரல் எங்கள் தெருக்கூட்டத்துக்குப் போதும். "உப்பளத்து யூனியன்காரர் வீட்ல உப்பக் காணும். வெளிய சொன்னா சிரிப்பாவ." "பீங்கான் பரணில இருக்கும், தேடு." "எந்தப் பரணி? எல்லாப் பரணிலயும் ஊறுகாதான் இருக்கு." "எனக்குத் தெரியாது தாயி, மறியல் வரட்டும்." "பேரு என்ன முடிவாச்சு? எனக்கு முன்கூட்டியே சொல்லிருங்க மாமா. எங்க சித்தி மவன் வீட்ல காதுல சொல்லப்போற நேரத்துல பேரு மறந்துபோயி, நான் என் பேரையே சொல்லிட்டேன். இன்னிக்கும் அந்தப் பிள்ளைக்குப் பேரு பேச்சிதான்." "நல்லாத்தான இருக்கு." "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது ஆம்பளப் பிள்ள." நான் சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் கால் ஆடும். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் போய்விட்டாள். பிள்ளை உறக்கத்தில் உதட்டை ஒருதரம் சப்புக் கொட்டியது, அவ்வளவுதான்.

வடிவு. அதையும் சொல்லிப் பார்க்கிறேன், உதட்டால் மட்டும். இதற்குப் பின்னால் ஒரு சொல்லும் வந்து நிற்கவில்லை. வெறுமையாக இருக்கிறது. அது இன்னும் மோசம். மறியல் என்னிடம் இந்தப் பெயரை எவ்வளவு சாதாரணமாக நீட்டினாள், உலகத்தில் ஆயிரம் வடிவு இருக்கிற மாதிரி. இருக்கலாம், எனக்கு ஒருத்திதான். பாத்தி வரப்பில் உப்பு இழுக்கிற வாருபலகையை ஊன்றிக்கொண்டு நின்று கோஷம் எழுப்புவாள். மத்தியான வெயிலில் உப்புப் பாத்தியை நேராகப் பார்க்க முடியாது, கண் கூசும். அவள் குரல் காதைக் கூசவைக்கும், அப்படி ஒரு குரல். "தோழர் பிச்சைக்கனி" என்று அவள் எடுத்துக் கொடுத்தால், அளம் முழுக்க "வாழ்க" என்று திரும்பி வரும். நான் முன்னால் நடந்து போவேன். திரும்பிப் பார்த்ததில்லை, தலைவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெரிய வேலைநிறுத்தத்தில் கஞ்சித்தொட்டி நடத்தியது அவள்தான். ஊர் ஊராகப் போய்க் கேட்டு அரிசி தண்டிக்கொண்டு வந்து, கதவு மூடின அளத்துக்கு வெளியே அண்டா வைத்து அத்தனை குடும்பத்துக்கும் ஊற்றினாள். மறியலின் அம்மா பிரசவத்தில் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை, நான் சிறைக்குள்ளே இருக்கிறேன், என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வடிவு கஞ்சி ஊற்றினாள். அதை நான் மறுக்கவில்லை. எந்த மேடையிலும் மறுத்ததில்லை. ஆனால் கஞ்சி தண்ணியானபோது அவள் என்ன செய்தாள்? நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், என்னைக் கேட்கவில்லை, செயற்குழுவைக் கேட்கவில்லை, ஆபீசுக்குள் போய் அந்தப் பாம்படக்காரியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். கேட்ட கூலியில் பாதிகூட இல்லை. குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, ஒதுங்க ஒரு நிழல் கொட்டகை, கைப்பிள்ளைக்காரிகளுக்குத் தொட்டில் கட்ட ஒரு கம்பு. நான் வெளியே வருகிறபோது லாரியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. தொட்டில் கேட்டா நாங்கள் சிறைக்குப் போனோம்? அன்று சாயங்காலமே நோட்டீஸ் எழுதினேன். கருங்காலி வடிவைப் புறக்கணிப்போம். என் நோட்டீசுகளில் அதுதான் சிறந்தது, வாசகம் ஒவ்வொன்றும் சவுக்கு. சுவரெல்லாம் ஒட்டினோம். மறுநாள் பிள்ளையை வாங்கி வரப் போனேன், அவள் வாசலில் உட்கார்ந்து அந்த நோட்டீசை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க தோழர். காயிதம் கெட்டியா இருக்கு. கஞ்சி ஆத்த வசதியா இருக்கு" என்றாள். பிறகு, "உங்க பிள்ளைக்குத்தான்" என்றாள். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு அவளோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போவேன். அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் "தோழர்" என்பாள், கூப்பிட அல்ல, இருக்கிறேன் என்று காட்ட.

இப்போது கால் மரத்துவிட்டது. முதலில் குதிகால், பிறகு ஆடுசதை, இப்போது தொடைவரை எறும்பு ஊர்கிறது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருப்பதில் என்னோடு போட்டிபோட இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. தர்ணா என்றால் என்னைத்தான் முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள். போலீஸ் தூக்க வரும்போது உடம்பைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும், எலும்பே இல்லாததுபோல், அப்போதுதான் கனக்கும். நாலு பேர் சேர்ந்தாலும் மூச்சு வாங்கும். தூக்குகிற நேரம் பார்த்துக் கோஷம் போட வேண்டும், மறக்கக் கூடாது. இளசுகளுக்கு இதையெல்லாம் நான்தான் வகுப்பெடுத்தேன். இப்போது ஒரு கைப்பிள்ளை என்னைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறது. என் மகளை இந்தக் கிடையில் நான் வைத்திருந்ததில்லை. வைத்திருக்க நேரமில்லை என்பது உண்மை, சிறை என்பதும் உண்மை. ஆனால் இப்படிக் கால் மரத்துப்போகும் என்பதே எனக்குத் தெரியாது. யாருடைய கால் மரத்திருக்கும்? அவளுடையது. அண்டாப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் அகப்பை, மறுகையால் ஈ விரட்டி. அந்த வேலையும் கஷ்டமான வேலைதான். சிறையில் இருந்தவனுக்கு மாலை போட்டார்கள், சரி, அதற்கென்ன, மாலை நான் கேட்டு வாங்கியதில்லை. அவளைப் பற்றி என்ன யோசனை? பெயர். கனகமா, வடிவா? ஒன்று முதலாளி, இன்னொன்று கருங்காலி. பெற்ற மகள் எனக்கு வைத்த பரீட்சையைப் பாருங்கள். பூமியில் இத்தனை பெயர் இருக்க, இந்த இரண்டைத் தேடிப் பிடித்திருக்கிறாள். வெளியே உப்பு லாரி ஒன்று கடகடவென்று போகிறது, ஜன்னல் அதிர்கிறது, பிள்ளையின் கை விரல்கள் விரிந்து மறுபடி மூடிக்கொள்கின்றன. பிடித்தது என் வேட்டி நுனியை. விடவில்லை.

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. தலை துவட்டுகிறாள். கெடு முடியப்போகிறது. யோசி. பேச்சுவார்த்தை மேசையில் என்னை யாரும் மடக்கியதில்லை. தொழிலாளர் அதிகாரி முன்னால் நான் உட்கார்ந்தால் முதலாளியின் வக்கீல் தண்ணீர் குடிப்பான். அதற்கு ஒரு முறை இருக்கிறது. சங்கத்துப் பெண்களுக்கு வகுப்பெடுத்தபோது கரும்பலகையில் எழுதியே போட்டிருக்கிறேன். அவன் செத்தாலும் தரமாட்டாத ஒன்றை முதலில் வை. லாபத்தில் பங்கு கேள். அலறுவான். அலறட்டும். அதற்குப் பக்கத்திலேயே, பெரிதாக ஒன்றும் இல்லாததுபோல, உனக்கு உண்மையில் வேண்டியதை வை. முதலாவதைத் தள்ளிவிட்ட சந்தோஷத்தில் இரண்டாவதற்குத் தலையாட்டிவிடுவான். தான் ஜெயித்ததாக வேறு நினைத்துக்கொள்வான். இரண்டே வை, மூன்றாவது ஒன்று இருந்தால் அதற்குள் புகுந்து தப்பித்துவிடுவான். இரண்டே. இரண்டே பேரு. கனகம், இல்லாட்டி வடிவு. மூணாவது கிடையாது.

அடிப்பாவி.

கனகத்தை நான் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஆறுமுகநேரி இருமல் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவளே அவள்தான். கனகம்தான் அவள் கேட்ட லாபத்தில் பங்கு. அலறவைக்க வைத்தது. நானும் இங்கே உட்கார்ந்து ஒழுங்காக அலறிக்கொண்டிருந்திருக்கிறேன், நீலப் பலகை, பாம்படம், முதலாளியின் பேரன்கள் என்று. என் கரும்பலகையை என் மேலேயே திருப்பி வைத்துவிட்டாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புத்தான் ஏறி வருகிறது, அதை அடக்குவது இருமலை அடக்குவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. யார் மகள்? மறியல்செல்வி என்று படுத்த வாக்கில் வைத்த பெயர் வீண்போகவில்லை, தோழர்களே. இத்தனை வருஷத்தில் வக்கீல்கள், அதிகாரிகள், அமைச்சர் ஒருவர், யாராலும் முடியாததை, தலைக்கு ஊற்றிக்கொண்டே செய்து முடித்திருக்கிறாள். யாரிடம் கற்றுக்கொண்டாள்? என் வகுப்புக்கு அவள் வந்ததே இல்லையே. என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது வடிவு. கேட்டுக்கொண்டிருந்தவள் வடிவு. அவளிடம் மறியல் எனக்குத் தெரியாமல் போய்வந்திருக்கிறாள். அப்படியென்றால் அன்று அந்தப் படத்துக்குக் கீழே வடிவு முழுக் கூலியைக் கேட்டு அவர்களை அலறவைத்துவிட்டு, தண்ணீரையும் நிழலையும் தொட்டில் கம்பையும்... இல்லை. அது வேறு. வேலைநிறுத்தம் வேறு, பெயர் வேறு. இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருந்தால் கூலியும் வந்திருக்கும். தாங்கியிருக்க முடியுமா? கஞ்சி தண்ணியாகிவிட்டது என்று நான்தானே இப்போது சொன்னேன். எவ்வளவு தண்ணி என்று எனக்குத் தெரியாது, எனக்குச் சிறையில் களி வேளாவேளைக்கு வந்தது. இதற்கு மேல் யோசிக்கமாட்டேன். அவள் செய்தது தவறு. மேடை போட்டுக் கேட்டாலும் தவறு என்றுதான் சொல்வேன். பெயர் வேறு. பிள்ளை வேட்டி நுனியை இன்னும் பிடித்திருக்கிறது. உச்சந்தலை துடிக்கிறது, துடிக்கட்டும், நன்றாகத்தான் துடிக்கிறது, இப்போது பார்க்க முடிகிறது.

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். சோப்பு வாசனை. "முடிவாச்சாப்பா?" முகத்தில் ஒன்றும் இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்தவன் முகம் அப்படித்தான் இருக்க வேண்டும், அதையும் நான் எழுதிப் போட்டிருக்கிறேன். நான் கொஞ்சம் இழுத்தடித்தேன், எனக்கும் மானம் இருக்கிறது. "கனகம்னா என்ன கொறச்சல்?" என்றாள். "ஒரு கொறச்சலும் இல்ல." "அப்ப அதையே வச்சிருவோமா? பேச்சி மதினி, பேரு கன..." "ஏய், ஏய். இரு." "என்னப்பா?" "வடிவு." "எது?" "வடிவுன்னு சொன்னேன். காதுல தண்ணி ஏறிருச்சா?" "உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் அந்தப் பேர்ல இருக்காவளாப்பா?" இதைக் கேட்கிறபோது அவள் உதட்டோரம் ஒருதரம் துடித்தது, அங்கேதான் பிடித்தேன். "பேரு நல்ல பேரு. வச்சிருந்தவ மேலதான் எனக்கு வழக்கு" என்றேன். "வச்சிருந்தவ இல்ல, வச்சிருக்கவ. மத்தியானம் வாராவ. ஆட்டோ சொல்லிருக்கேன்."

கையெழுத்து வாங்கின பிறகு அடுத்த ஷரத்து. இதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. இது அவளே கண்டுபிடித்தது. "எந்த ஆட்டோ? யாரக் கேட்டு ஆட்டோ சொன்ன? நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன், பிள்ளையத் தூக்கு முதல்ல" என்றேன். பேச்சியம்மாள் அகப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். வேட்டி நுனி பிள்ளையின் கையோடு கொஞ்ச தூரம் வந்து, பிறகு நழுவியது. நான் வெளிநடப்பு செய்ய எழுந்தேன். எழவில்லை. கால் என்று ஒன்று எனக்கு இருப்பதாகவே தெரியவில்லை. சுவரைப் பிடித்தேன், வழுக்கியது. "உக்காருங்கப்பா, விழுந்துராதீங்க. ஏங்க, இங்க வாங்க, அப்பாவத் தூக்கணும்." வாழையிலைக் கட்டோடு அப்போதுதான் உள்ளே வந்த என் மருமகன் சிவனணைந்தபெருமாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தான். ஒரு கையை அவன் பிடித்தான், மறுகையை மறியல் பிடித்தாள். அக்குளுக்குள் கை கொடுத்தார்கள். அக்குளுக்குள் கை வந்தால் என் உடம்புக்குத் தெரியும் என்ன செய்ய வேண்டுமென்று, என்னைக் கேட்பதில்லை. எலும்பு தளர்ந்தது, தலை தொங்கியது, கனத்தேன். "யப்பா, கனமாக் கிடக்காதீங்க. நாங்க என்ன போலீசா?" என்றாள். மருமகனுக்கு மூச்சு வாங்கியது. தூக்குகிற நேரம், மறக்கக் கூடாது, வாய் தானாகத் திறந்தது. கனகத்துக்கு எப்போதும் கேட்காமலே வந்து நிற்கிற அந்தச் சொல் வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். வந்தது வேறு. தெருமுனைவரை கேட்கிற என் பழைய குரலில், "தோழர் வடிவு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, கூட்டம் திருப்பிச் சொல்வதற்காக நின்றேன்.

அந்தப் பெயருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தவளுக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இருந்ததில்லை. என் இடது கையைப் பிடித்திருந்தவள் பிடியை இறுக்கினாள். ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது. "வாழ்க" என்றாள், மெதுவாக, என் காதில் மட்டும் விழுகிற மாதிரி. மருமகன் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று, "வாழ்க" என்றான். கத்தலில் பிள்ளை விழித்துக்கொண்டது. அழவில்லை. பேச்சியம்மாள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள், "வாழட்டும், வாழட்டும், நல்லா வாழட்டும். இலையில மொதல்ல உப்பு வைக்கணும் மாமா. அது எங்க இருக்குன்னு இப்பமாவது யாராவது சொல்லுங்க."